விரலும் செவியும்

அரங்கில் அமர்ந்து பியானோ இசையைக் கேட்போர் அறிவது ஓரிரு மணி நேர நிகழ்ச்சியை மட்டுமே. அந்நிகழ்ச்சிக்குப் பின்னே, சாத்திய கதவுக்குள், ஆண்டுக்கணக்கில் நடைபெறும் பயிற்சியை அவர்கள் கேட்பதில்லை. கேட்க நேரினும் அதனை இசையென்று ஒப்புவார் சிலரே. ஒரே அடியை முப்பது முறை வாசிப்பதும், பாதியில் நிறுத்துவதும், வலக்கையை விடுத்து இடக்கையால் மட்டும் வாசிப்பதும் அயலாரின் பொறுமையைச் சோதிக்கும் செயல்கள். நம் மகள் ஏழாண்டுகளாகப் பியானோ பயின்று வருகின்றாள். அடுத்த அறையில் விடைத்தாள் திருத்தியவாறே அப்பயிற்சியைக் கேட்டு வந்தவர் நாம். தமிழாசிரியர்க்கும் பியானோவுக்கும் என்ன உறவு என வினவும் அன்பர்க்கு இதுவே நம் விடை. நமக்கு வாசிக்கத் தெரியாது. கேட்கத் தெரியும் என்று மட்டும் இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

பியானோவின் அமைப்பைச் சற்றே அறிந்தாலன்றி அப்பயிற்சியின் பொருள் விளங்காது. அதன் கட்டைகள் எண்பத்தெட்டு. ஒரு கட்டையை அழுத்தினால் அது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் ஆழமே கீழிறங்கும். அவ்விறக்கத்தில் நெம்புகோல்கள் சில இயங்கி, கம்பளி போர்த்த சிறு சுத்தியல் ஒன்றைத் தந்தியை நோக்கி எறிகின்றன. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. தந்தியைத் தொடுவதற்குச் சிறிது முன்னரே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு விடுகின்றது. அதன்பின் வாசிப்பவர் கட்டையை எவ்வளவு அழுத்தினும், விரலை எப்படி அசைப்பினும், பிறந்த ஒலியின் தன்மையை மாற்றல் இயலாது. குழலூதுவோர் ஊதிய பின்னும் ஒலியை வளர்க்கலாம். வயலின் வாசிப்போர் வில்லால் அதனைத் தாங்கலாம். பியானோ வாசிப்பவர்க்கு அவ்வுரிமை இல்லை. வில்லினின்று விடுபட்ட அம்பை ஒத்தது அவர் ஒலி. எனவே எத்தகைய ஒலி வேண்டும் என்பதை விரல் இறங்கும் முன்னரே அவர் உள்ளச் செவியால் கேட்டிருத்தல் வேண்டும். பியானோப் பயிற்சி என்பது விரலுக்கு மட்டும் உரியதன்று என நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

உருசிய நாட்டு இசைமேதை இராக்மானினாவ் பயின்ற முறையைப் பற்றி ஆபிரகாம் சேசின்ஸ் என்னும் பியானோக் கலைஞர் எழுதியுள்ள செய்தி ஒன்று உண்டு. இராக்மானினாவைக் காணச் சென்ற சேசின்ஸ், உள்ளிருந்து வந்த ஒலியைக் கேட்டு வாயிலிலேயே நின்றுவிட்டார். இன்ன இசையென்று உடனே அவரால் அறிய இயலவில்லை. அத்துணை மெதுவாக ஒலித்தது அது. ஷோப்பின் இயற்றிய இரட்டைச் சுரப் பயிற்சி இசை அது என்பது சிறிது நேரம் சென்ற பின்னரே அவருக்குப் புலனாயிற்று. அரங்கில் இரண்டு நிமிடங்களில் பறந்து முடியும் இசை அது. அதன் ஓர் அளவுக்கு இருபது நொடி என்னும் கணக்கில், ஏறத்தாழ ஒரு மணி நேரம் இராக்மானினாவ் பயின்றாராம். அவரோ அன்று உலகின் தலைசிறந்த பியானோ வாசிப்பாளருள் ஒருவர்! தொடக்க மாணவன் கூட நாணும் அளவுக்கு மெதுவாக வாசிக்க அவர் நாணவில்லை.

2019ஆம் ஆண்டில் சென்னைச் சிறுவர் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் முதற்பரிசு பெற்றதை மாணவர் பலரும் அறிவர். அப்போது எங்கும் பேசப்பட்டது அவர் விரல்களின் விரைவே. விரைவைக் கண்டு வியத்தல் இயல்புதான். ஆயினும் அத்தகைய விரைவைக் காணுந்தோறும், இது எத்துணை மெதுவாகத் தொடங்கியிருக்கும் என எண்ணிப் பார்ப்பதே நம் வழக்கமாகிவிட்டது.

நிற்க. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐந்து விரல்களையும் ஒரே வலிமையுடையனவாக ஆக்குதல் வேண்டும் என்னும் கொள்கை ஐரோப்பாவில் ஓங்கியிருந்தது. அதன்பொருட்டுப் பயிற்சி நூல்கள் மலைபோல் குவிந்தன. 1873ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஆனோன் வெளியிட்ட அறுபது பயிற்சிகள் இன்றும் மாணவரை விட்டபாடில்லை. விரல்களை வலுப்படுத்தக் கருவிகளும் செய்யப்பட்டன. செருமானிய இசைஞர் சூமன் தம் இளமையில் அத்தகைய கருவியொன்றைப் பயன்படுத்தினார். 1832ஆம் ஆண்டளவில் அவர் வலக்கை விரல் செயலிழந்தது. கருவிதான் காரணமோ பிறிதொன்றோ என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், மேடைக் கலைஞராகும் எண்ணத்தை விடுத்து அவர் இசை இயற்றுவதில் முழுமையாக ஈடுபட நேர்ந்தது.

அக்காலத்திலேயே ஷோப்பின் இக்கொள்கையை மறுத்தார். ஒவ்வொரு விரலும் தனக்கென ஓர் இயல்பு உடையது. அவ்வியல்பை அழித்தல் வேண்டா, வளர்த்தலே வேண்டும் என்பது அவர் கருத்து. நான்காம் விரல் மூன்றாம் விரலோடு பிணைந்தே பிறந்தது என்பதை உணர்ந்திருந்தார். தம் மாணவர்க்கு அவர் வெள்ளைக் கட்டைகள் மட்டுமே கொண்ட எளிய சுர வரிசையை முதலிற் கற்பித்தாரில்லை. படிப்பதற்கு அது எளிது. கைக்கோ மிக அரிது என்றார். நீண்ட விரல்கள் மூன்றும் கருங்கட்டைகளின் மேல் இயல்பாக அமரும் வரிசையையே முதலில் வாசிக்கச் செய்தார். கையின் வடிவத்திலிருந்து பாடத்தைத் தொடங்கிய ஆசிரியர் அவர்! நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பயிலுதல் கூடாது என மாணவரைத் தடுத்ததும் உண்டு. மிகுதியாகப் பயின்றால் அறிவு மழுங்கும் என அஞ்சினார். ஆசிரியப் பணியில் உள்ள நமக்கு இச்செய்தி வியப்பையே தந்தது. மாணவன் மேலும் படிக்க வேண்டும் என்று வற்புறுத்தும் ஆசிரியரையே நாம் மிகுதியாகக் கண்டிருக்கின்றோம்.

இவ்வாறு எழுதுவதற்கு நம் இல்லத்திலும் ஒரு காரணம் நேர்ந்தது. நம் மகள் முன்பு பயின்ற இடத்தில், கை வலிக்கின்றது என்றால், வலித்தால்தான் வளரும் என்பர். தேர்வு நெருங்க நெருங்கப் பயிற்சி நேரம் நான்கு மணியாயிற்று. ஒருநாள் உணவு உண்ணும்போது அவள் வலக்கையால் நீர்க்குவளையைத் தூக்க இயலாது இடக்கையை நீட்டினாள். மருத்துவர் மூன்று கிழமை ஓய்வு தந்தார். அம்மூன்று கிழமையும் பியானோ மூடியே கிடந்தது. திறக்கும்படி எவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த அமைதியே நம்மைப் பெரிதும் அச்சுறுத்தியது.

அந்நாட்களில்தான் அமெரிக்கக் கலைஞர் லியோன் பிளைஷரின் வரலாற்றைப் படித்தோம். சிறு வயதிலேயே ஆர்த்தர் சினாபெல் என்னும் மேதையிடம் பயின்று, 1952இல் பிரசெல்சு நகரப் போட்டியில் முதற்பரிசு பெற்றவர் அவர். புகழின் உச்சியில் இருந்தபோது, 1964ஆம் ஆண்டில், முப்பத்தாறாம் வயதில், அவர் வலக்கையின் நான்காம் ஐந்தாம் விரல்கள் தாமாக உள்நோக்கிச் சுருண்டுகொண்டன. விரலில் காயமில்லை. ஒவ்வொரு விரலையும் தனித்தனியே அறிந்து இயக்கும் மூளையின் பகுதியில் நேரும் குழப்பம் அது என்பதை மருத்துவர் பின்னரே கண்டனர். மணிக்கணக்கில் கண்மூடித்தனமாகப் பயின்றதைப் பிளைஷரே பிற்காலத்தில் குறைகூறிப் பேசியுள்ளார். முப்பதாண்டு காலம் அவர் இடக்கைக்கென இயற்றப்பட்ட இசையை வாசித்தார், பிறர்க்குக் கற்பித்தார், இசைக்குழுக்களை நடத்தினார். 1990களில் ஊசி மருந்தும் தசை நீவுதலும் பயன் தர, மீண்டும் இரு கையாலும் வாசிக்கத் தொடங்கினார். 2004இல் வெளிவந்த அவர் இசைத்தட்டின் பெயரே ‘இரு கைகள்’ என்பதாம். 2020இல், தொண்ணூற்றிரண்டாம் வயதில் மறைந்தார்.

நம் மகளுக்கு நேர்ந்தது அந்நோயன்று, வெறும் தசைப்பிடிப்பே. இறைவன் காத்தான். பின்னர் அமைந்த ஆசிரியை வயது முதிர்ந்தவர். முதல் நாள் அவர் அவளை வாசிக்கவே சொல்லவில்லை. கையை மேசைமேல் வைத்து, தோள் முதல் விரல்நுனி வரை எங்கெல்லாம் இறுக்கம் உள்ளதெனத் தானே கண்டு சொல்லச் சொன்னார். “வலித்தால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும், அம்மா. வலியோடு வாசித்தால் விரல் அந்த வலியையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்” என்றார். பின்பு பாக் இயற்றிய இரு குரல் இசைகளுள் முதலாவதை எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டே அளவுகள் கொண்ட சிறிய இசை. ஒரு கை பாட, மறு கை அதனையே தொடர்ந்து பாடும். நாளொன்றுக்கு இரண்டு அளவுகள். முதலில் தாளைப் பார்த்து மனத்துள் கேட்டல். பின் ஒரு கையால் வாசித்து மறு குரலை வாயால் பாடுதல். அதன் பின்னரே இரு கை. இருபது நிமிடம் வாசித்தால் எழுந்து நடத்தல்.

முதற் கிழமைகளில் இது பயிற்சியா விளையாட்டா என நமக்கே ஐயம் எழுந்தது. பின்னர் ஒரு மாற்றத்தை நம் செவி உணர்ந்தது. முன்பெல்லாம் பிழை நேர்ந்தால் அவள் அந்த இடத்தை மேலும் உரக்க, மேலும் விரைந்து, பத்து முறை மோதுவாள். இப்போது பிழை நேர்ந்தால் அடுத்த அறையில் அமைதி நிலவும். அந்த அமைதியில் அவள் எதையோ கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு ஒரே முறை, மெல்ல, சரியாக ஒலிக்கும். கட்டைவிரல் பிற விரல்களின் கீழ் நுழையும் இடத்தில் முன்பு எழும் சிறு முட்டலும் நின்றது. கூடுதலாக எதையும் அவள் கற்றதாகத் தெரியவில்லை; வேண்டாத அசைவுகள்தாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

தாளமானியில் அவ்விசைக்கு ஆசிரியை குறித்துள்ள வேகம் 72. அவள் இப்போது 54இல் நிற்கின்றாள். இவ்வாண்டுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை. உறவினர் சிலர் இதனைக் குறையாகப் பேசினர். நேற்று மாலை 56க்கு ஏற்றலாமா என்று அவள் கேட்டபோது, பதினேழாம் அளவில் இடக்கை மணிக்கட்டு இன்னும் உயர்கின்றது என்றார் ஆசிரியை. அவள் தாளமானியைத் தொடாமல், பதினேழாம் அளவை இடக்கையால் மட்டும் வாசிக்கத் தொடங்கினாள்.