குரல் விற்பவன் கணக்கேடு

தோட்டங்களில் அந்நாளில் கிராணியாரின் செக்ரோலில் பெயர் ஏறாவிடின், வெயிலில் உழைத்தவனுக்கும் கூலி கிடையாது. விளம்பரத்திற்கும் ஒலிநூலுக்கும் குரல் கொடுத்துப் பிழைக்கும் எம்போன்றோர்க்கோ கிராணியாரும் நாமே, கூலியாளும் நாமே!

அழைத்தவர் யார், எவர் வழியாக வந்தார், பேசிய தொகை, மறுபடி விசாரிக்க வேண்டிய நாள் ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதி வருகிறேன். அனைத்தினும் முக்கியம், குரலை எதற்கு, எத்துணைக் காலத்திற்குக் கொடுத்தோம் என்பதே. வானொலிக்கென ஓராண்டு அனுமதித்த என் குரல், 14-ஆம் மாதம் அவ்வணிகரின் கடைவாயில் ஒலிபெருக்கியில் முழங்கிற்று. ஏட்டைக் காட்டினேன், புதுத் தொகை பேசினார்.

வேலை வருவது ராசி என்பர் சிலர். என் ஏட்டில் ராசிக்குக் கட்டமே இல்லை. 'பிறகு பார்க்கலாம்' என்றவரை 3 திங்கள் கழித்து மீண்டும் கேட்டுப் பெற்ற வேலைகளே அதில் மிகுதி. பொங்கல் விளம்பரத்திற்கு உரியோரை ஐப்பசியிலேயே விசாரித்துவிடுகிறேன்.