தளம்

பழைய மோட்டார் வண்டியொன்றின் இற்றுப்போன தளத்தைக் கிளப்பிவிட்டுப் புதுத்தளம் இட்ட கதைக்கு ஓர் இலக்கியச் சஞ்சிகையில் இடம் கேட்பானேன் என வாசகர் சிலர் எண்ணக்கூடும். பெரும் பிரச்சினைகள் எத்தனையோ இருக்க, பலகையும் திருகாணியும் ஒரு பொருளா? பொருள்தான் என்பது என் கருத்து. காலுக்குக் கீழே கிடப்பதைக் குறித்து நாம் சிந்திப்பது குறைவு. அதனாலேயே அங்கு நடப்பவை நெடுங்காலம் மறைந்து கிடக்கின்றன.

வண்டி ஜேர்மனியில் வாழும் என் தமையனாருடையது. உள்ளே படுக்கையும் அடுப்பும் அலுமாரியும் பொருத்தி, குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்கென அமைத்த வொக்ஸ்வாகன் வண்டி. 1976இல் ஹனோவர் ஆலையில் உருவானது. இவ்வகை வண்டியின் பூர்வீகத்தை அறிந்தோர் நம்மிடையே சிலரே. 1933 மே 2ஆம் திகதி நாசிகள் தொழிற்சங்கக் கட்டடங்களைக் கைப்பற்றினர். தொழிலாளர் சதம் சதமாகச் சேர்த்த சொத்து நாசிகளின் ‘தொழிலாளர் முன்னணி’யிடம் போய்ச் சேர்ந்தது. அச்சொத்தை விற்ற பணங்கொண்டே, 1937இல் தொடங்கிய அக்கம்பனிக்கு ஆலை எழுப்பினர். வாரந்தோறும் 5 மார்க் முத்திரை ஒட்டிவந்தால் மலிவான கார் கிடைக்கும் என்ற வாக்கை நம்பிப் பணங்கட்டியோர் ஏறத்தாழ 336,000 பேர். அவர்களுள் ஒருவருக்கேனும் அந்தக் கார் கிடைக்கவில்லை. போர்க்காலத்திலோ சுமார் 20,000 பேர் அவ்வாலையில் கட்டாய உழைப்பில் வதைபட்டனர்.

போர் ஓய்ந்தபின், ஆலைக்குள் உதிரிப்பாகங்களைச் சுமப்பதற்காக அங்கேயே பொருத்திய தட்டையான வண்டியொன்றை ஒல்லாந்து வணிகர் பென் பொன் கண்டார். 1947இல் அவர் தம் குறிப்பேட்டில் வரைந்த சிறு படமே, 1950இல் பெட்டி வடிவ வண்டியாக உற்பத்திக்கு வந்தது. உல்லாசப் பயணத்தின் சின்னமாக இன்று விளம்பரங்களிற் சிரிக்கும் வண்டியின் மூதாதை, ஆலைத் தொழிலாளியின் சுமைவண்டிதான். 1955இல் இத்தாலியிலிருந்தும், 1960இல் ஸ்பெயின், கிரேக்கம் ஆகிய நாடுகளிலிருந்தும், 1961இல் துருக்கியிலிருந்தும் ஒப்பந்தம் செய்து ஆட்களை வருவித்தது மேற்கு ஜேர்மனி. ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று அவர்களுக்குப் பெயரும் சூட்டியது. விருந்தினரை வேலைக்கு அழைக்கும் வழக்கம் நம் ஊரில் இல்லை! எங்கள் வண்டியின் தகட்டை வளைத்த கைகளுள் அவர்களுடைய கைகளும் இருந்திருக்கக்கூடும்.

1985இல் கிழக்கு பேர்லின் வழியாக ஜேர்மனியை அடைந்தபோது தமையனாருக்கு வயது 22. அவரை யாரும் விருந்தினர் என்றுகூட அழைக்கவில்லை. 1982ஆம் ஆண்டின் சட்டப்படி, புகலிடம் கேட்டவர் தமக்கு ஒதுக்கிய மாவட்ட எல்லையை அனுமதிக் கடிதமின்றித் தாண்டலாகாது. பக்கத்து மாவட்டத்தில் இருந்த பள்ளித் தோழனைக் காண்பதற்கு அவர் கடிதம் கேட்டார். அதிகாரி மறுத்தார். கேளாமற் போனார், ரயிலிற் பிடிபட்டுத் தண்டம் கட்டினார். பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உணவுச்சாலைச் சமையலறைகளிற் பாத்திரம் கழுவியும் சமைத்தும் ஓய்வு பெற்ற அவர், சேமிப்பில் ஒரு பகுதியைக் கொடுத்து இந்த வண்டியை வாங்கினார். “ஒருத்தரிட்டையும் கடிதம் கேளாமல் எல்லையைக் கடக்கவேணும், தம்பி” என்றார். அவருடைய ஆசை அவ்வளவே.

மூன்று மாத விசாவிற் சென்றிருந்த நானும் அவ்வேலையிற் கலந்துகொண்டேன். எட்டுச் சனிக்கிழமைகள் பிடித்தன. படுக்கையையும் அலுமாரியையும் கழற்றி வெளியே வைத்தோம். பெறாமகள் ஒவ்வொரு திருகாணியையும் சிறு போத்தல்களிலிட்டு இலக்கம் எழுதினாள். தளத்தின் மேல் தடித்த கம்பளம், அதன்கீழ் லினோலியம், அதன்கீழ் ஒட்டுப்பலகை. யன்னல் றப்பர் வழியே பல்லாண்டு இறங்கிய மழைநீர் பலகையைத் தேநீரில் நனைத்த விசுக்கோத்துப்போல ஆக்கியிருந்தது. பலகையின் கீழிருந்த இரும்புத் தகட்டிலும் கறள். பனிக்காலத்தில் வீதிகளில் தூவும் உப்பு கீழிருந்து அரிக்க, ஈரம் மேலிருந்து அரித்திருக்கிறது. முன்னர் வைத்திருந்தவர் எவரோ, ஓட்டைகளை மறைக்கவே கம்பளத்தை ஒட்டியிருந்தார்.

“மேலாலை இன்னொரு பலகையைப் போட்டால் காணும்தானே?” என்றார் களைத்துப்போன அண்ணி.

“முந்தினவனும் அதைத்தான் செய்தவன்” என்றார் தமையனார்.

அங்கே இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகவேண்டும். பாரந்தாங்கும் இடங்களிற் கறளிருந்தால் வண்டி தேறாது. ஆகவே நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டினோம். வெட்டிய இடங்களுக்குப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்தவன் பெறாமகன். அவன் உலோகத் தொழில் பயிலுபவன். சில நாட்கள் பட்டறையிலும் சில நாட்கள் தொழிற்பாடசாலையிலுமாகப் பயிற்சி பெறுகிறான். ஊரிலிருந்து பேசும் உறவினர் ஒவ்வொருவரும் “டொக்டருக்குப் படிக்கேல்லையோ?” என்றே கேட்பர். அவன் தலைகுனிவான், தாயின் முகம் வாடும். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் அவனே எங்களுக்கு ஆசான். பல்கலைக்கழகத்திற் படிக்கும் தமக்கை, முப்பத்தைந்து ஆண்டு கற்பித்த நான், தகப்பனார் எல்லோரும் அவன் சொற்படி நடந்தோம். பற்றுகளுக்கு மைபூசி, பொருத்துகளை அடைத்து, 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையை மட்டை அச்சின்படி அறுத்தோம். பலகையின் விளிம்பே நீரை உறிஞ்சும் என்பதால் விளிம்புகளுக்கு மூன்று முறை வார்னிஷ் பூசச் சொன்னான். பூசினோம்.

அக்கேள்வி ஊரிலிருந்து ஏன் வருகிறது என்று பலகைக்கு வார்னிஷ் பூசியபடியே யோசித்தேன். என் பாட்டனார் வீட்டு விறாந்தைக்கு மண் சுமந்து, திமிசால் இடித்து, நிலத்தை மட்டமாக்கியவர்கள் அந்த விறாந்தையில் உட்கார அனுமதிக்கப்படவில்லை. அவர்களுக்கு முற்றத்திலே சிரட்டையில் தேநீர். உழைப்பவனைத் தீண்டத்தகாதவனாக்கிய சமூகம் உழைப்பையும் தீண்டத்தகாததாக்கியது. சட்டமும் போராட்டமும் சிரட்டையைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டன. ஆயின், கைத்தொழில் பயிலும் இளைஞனைக் கண்டு கூசும் மனம், கம்பளத்தின் கீழ்க் கறளாக இன்னமும் இருக்கிறது. வன்னியிலும் வலிகாமத்திலும் மட்டுமா? கடல் கடந்து தொலைபேசியிலும் அது தொடர்கிறது.

வண்டி பரிசோதனையில் தேறியது. தமையனார் மாவட்ட எல்லையையும், அதற்கப்பால் நாட்டின் எல்லையையும் கடந்தார். எவரும் கடிதம் கேட்கவில்லை. புகலிடம் கேட்போருக்கான அந்தக் கட்டுப்பாடு 2015இல் வெகுவாகத் தளர்ந்ததெனினும் முற்றாக ஒழியவில்லை. ஆரம்ப முகாம்களில் இருப்போர்க்கு அது இன்றும் உண்டு. சிரியரும் ஆப்கானியரும் அதே வேலிக்குள் காத்திருக்கின்றனர்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். நாளை வகுப்பறைக்குட் புகும்போது, நிற்கும் நிலத்தை இட்டவர் யார், அவர் பெற்ற கூலி என்ன, அவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்று மாணவரை விசாரித்து வரச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் விடை இராது. பக்கத்துத் தெருவில் இருக்கும்.