பையைப் பார்த்துக்கொள்பவன்

கூட வருகிறவர்கள் மெதுவாக நடந்தால் எனக்குப் பொறுக்காது. தனியாகப் போகும்போது இந்தக் குணத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் நான் தனியாக எங்கும் போவதில்லை. கல்லூரி விடுதியில் சேர்ந்த கூட்டம், ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போன பிறகும் சமயம் கிடைத்தால் எங்காவது கிளம்பிவிடும். பேச்சு, சீட்டு, சாப்பாடு எல்லாவற்றிலும் என்னை நல்ல கூட்டாளி என்றுதான் சொல்வார்கள். நடக்கத் தொடங்கினால் நான் வேறு ஆள்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலேயே இது தெரிந்துவிடும். மாலை 6 மணிக்கு அங்கே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை 7.30 வரை சாலை நடப்பவர்களுக்கு மட்டும். காந்தி சிலையில் ஆரம்பித்து அரட்டையடித்தபடி ஊர்ந்து போக வேண்டிய இடம். நானோ தெற்குக் கோடிக்குப் போய் நின்றுகொண்டு, "எங்கடா இருக்கீங்க?" என்று போன் போடுவேன். சுண்டல் வாங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கு எரிச்சல் வரும்.

பின்தங்குகிறவன் எப்போதும் ஒருவன்தான். கனத்த உடம்பு, முட்டி வலி. அறை பிடிப்பது, விடிய விடியக் கார் ஓட்டுவது, காலையில் எந்தக் கடையில் இட்லி நன்றாக இருக்கும் என்று விசாரித்து வைப்பது எல்லாம் அவன் வேலை.

அவனை எப்படிக் கழற்றிவிடுவது என்பதைக் கொல்லிமலையில் கண்டுபிடித்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியை ஏற்றியவன் அவன். அறப்பளீஸ்வரர் கோயிலருகே இருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கிவிடலாம், திரும்பி ஏறும்போதுதான் தொடை நடுங்கும். அவனும் வந்தால் பொழுது போய்விடும். "நீ பையைப் பாத்துக்கோடா, குரங்கு தூக்கிட்டுப் போயிடும். சட்டுனு வந்துடறோம்" என்றேன். பைகளைக் காரில் வைத்துப் பூட்டியிருக்கலாம் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் சரி என்றான். நாங்கள் அருவியில் ஆசைதீர நின்று, சாவகாசமாக ஏறி வந்தபோது அன்னாசிப் பழம் வாங்கி, மிளகாய்த்தூள் தூவி வைத்திருந்தான். அதையும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு எங்கே போனாலும் பைகள் அவனிடம் என்று ஆகிவிட்டது. நண்பர்கள் அதை வழக்கம் என்று நினைத்தார்கள். நான்தான் ஏற்பாடு செய்தேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளியங்கிரி விஷயம் இதைவிட மோசம்.

கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை ஏற வேண்டும். பிப்ரவரி முதல் மே வரைதான் பொதுவாக வனத்துறை அனுமதிக்கும். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் இரவில், மூங்கில் தடியோடு ஏறுவார்கள். முதல் மலை முழுக்கச் செங்குத்தான கற்படிகள்; புதிதாக வருகிறவர்களுக்கு அங்கேயே மூச்சு முட்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்கிறது. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் இந்த மலை ஏறப்போய் இறந்தவர்கள் பலர். அவன் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். அது எனக்குத் தெரியும். "முடிஞ்ச வரைக்கும் வரேன்டா" என்று அவன் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் யாராவது துணைக்கு அடிவாரத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது மலையில் கைதட்டிச் சுனை அருகே உட்கார்ந்துவிட்டான். அந்தக் குளிரிலும் சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. "கொஞ்ச நேரம் இருந்து கூட்டிட்டுப் போலாம்" என்றான் இன்னொருவன். நான் மணி பார்த்தேன். சூரியன் உதிக்கும்போது ஏழாவது மலையில் இருக்க வேண்டும் என்பதுதான் மனசில் இருந்தது. "அவனே மெதுவா வரேங்கறான், வாங்கடா" என்றேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. சொல்ல அவனிடம் மூச்சு இல்லை. சுமை குறையட்டும் என்று பைகளையும் அவனருகே வைத்தோம். நல்ல டார்ச் என் கையில் இருந்தது. அது என்னோடு வந்தது.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. சூரியன் வந்தது. குற்ற உணர்ச்சியில் எதுவும் ரசிக்கவில்லை என்று எழுத ஆசைதான், பொய்யாகிவிடும். நன்றாக ரசித்தேன். குகைக்குள் சுயம்பு லிங்கத்தைக் கும்பிட்டேன். எல்லோருக்கும் நல்ல உடம்பைக் கொடு என்றுகூட வேண்டினேன்.

இறங்கி வந்தபோது சுனையருகே அவன் இல்லை. பைகள் ஒரு சுக்குக் காபிக் கடைக்காரரிடம் இருந்தன. என் சட்டை நிறத்தைச் சொல்லி, இன்னாரிடம் கொடுங்கள் என்று ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறான். வாந்தி எடுத்தானாம். முன்பின் தெரியாத இருவர் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிப் போனார்களாம். அந்த மலையில் யாரைப் பார்த்தாலும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் இரவு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டு ஏறினேன். அந்த இருவர் ஒரு சாமிக்காகத் தரிசனத்தை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.

அடிவாரத்தில் மண்டபத்துத் திண்ணையில் படுத்திருந்தான். நான் முதலில் கேட்டது உடம்பைப் பற்றி அல்ல. "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். மலைமேல் எனக்கே டவர் கிடைக்கவில்லை. அவன் பதில் சொல்லாமல், "சாமி கும்பிட்டீங்களா?" என்றான். டாக்டரிடம் போனோம், ஊசி போட்டார், சரியாகிவிட்டது. தானாகத்தான் பாதியில் திரும்பியதாக வீட்டில் சொல்லிக்கொண்டான்.

பிறகு இது எங்கள் கூட்டத்தில் சிரிப்புக் கதையாகிவிட்டது. மூன்றாவது மலையில் மூச்சு வாங்க உட்கார்ந்தவன் கதை. அதைச் சொல்வது நான்தான். அவன் மூச்சு வாங்கியதை நடித்தே காட்டுவேன். அவன் எதிரில் உட்கார்ந்து சிரிப்பான்.

இப்போது குடகில் தடியண்டமோள் ஏறலாம் என்று பேச்சு நடக்கிறது. 1,748 மீட்டர், அந்த மாவட்டத்திலேயே உயர்ந்த சிகரம். "முட்டி சரியில்லடா, நீங்க போயிட்டு வாங்க" என்று வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். எல்லோரும் கெஞ்சுகிறார்கள். "நீ இல்லாம எப்படிடா?" என்று நானும் அழுகிற பொம்மையோடு போட்டேன். போடும்போதே, அவன் வராவிட்டால் மதியத்துக்குள் ஏறி இறங்கிவிடலாம் என்று கணக்குப் பார்த்துவிட்டேன். காரை யார் ஓட்டுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.