போர்வைக்குள் ஒரு விருந்தாளி

நாய் வளர்க்கிற வீட்டில் விடுமுறைக்குத் திட்டம் போட உட்கார்ந்தால், எந்த ஊர் என்று முடிவாகும் முன்பே ஒரு கேள்வி வந்து நிற்கும்: ‘இவனை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?’ பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருநாள் பார்த்துக்கொள்வார்கள். மூன்று நாள் என்றால் முகம் மாறும். காப்பகத்தில் விட்டால் சில நாய்கள் நாம் திரும்பி வரும்வரை தட்டைத் தொடாது. ரயிலில் கூட்டிப்போகலாம் என்றால் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பெர்த் கூபேயையோ நான்கு பெர்த் கேபினையோ முழுசாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டுதான். சரி, காரிலேயே போகலாம் என்று கிளம்பினாலும், போய்ச் சேரும் இடத்தில் ஒரு போர்டு தொங்கும்: ‘செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை’.

அந்த நேரத்தில்தான் சிலருக்கு ஒரு யோசனை வருகிறது. பெரிய பை ஒன்று, ஒரு போர்வை, ஒரு பாக்கெட் பிஸ்கட். ரெண்டு ராத்திரிதானே, யாருக்குத் தெரியப்போகிறது?

எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த போர்டை எழுதி மாட்டியிருக்கும் ஆட்களில் நானும் ஒருத்தி.

உத்திரமேரூரிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே தள்ளி ஒரு கிராமம் எங்களுடையது. என் மாமனார் காலத்து வீடு. முற்றம், திண்ணை, பின்னால் மாட்டுக் கொட்டகை, அதைத் தாண்டினால் பம்ப்செட், நெல் வயல். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போனதும் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. தெரிந்தவர்கள் மூலமாகச் சென்னையிலிருந்து குடும்பங்கள் வந்து தங்க ஆரம்பித்தன. சனிக்கிழமை வந்து பம்ப்செட்டில் குளித்து, வாழை இலையில் சாப்பிட்டு, குளிர் மாதங்களாக இருந்தால் வேடந்தாங்கல் பறவைகளைப் பார்த்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் கிளம்புவார்கள். எங்களிடம் மூன்றே விதிகள்தான். மது கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் கூடாது. நாய், பூனை கூடாது.

மூன்றாவது விதிக்குக் காரணம் கேட்டவர்களிடம் கோழிகளைக் காட்டுவேன். அப்போது பதினோரு கோழிகள், ஒரு கன்றுக்குட்டி. அது பாதிக் காரணம்தான். மீதி, முற்றத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் மாமியார்.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. பாம்பு வந்தால் கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் போகிற மனுஷி. ஆனால் தெருவில் ஒரு நாய்க்குட்டி வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு தம்பி இருந்தான். தெரு நாய் கடித்ததை வீட்டில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பச்சிலை அரைத்துக் கட்டினார்கள், மந்திரித்தார்கள். சில வாரங்கள் கழித்து ஒருநாள் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்து அந்தப் பிள்ளை அலறியதாம். பிறகு நடந்ததை அத்தை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் மருந்து அப்போது இல்லாமலில்லை. வெறிநாய்க்கடிக்கு ஊசி மருந்து தயாரிக்க நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-லேயே வந்துவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பழைய ஆட்கள் பயந்து பயந்து சொல்வார்களே, அந்த மருந்துதான். ஊர் எல்லையைத் தாண்டி அதைத் தேடிப்போக வேண்டும் என்று தெரியாததுதான் அந்தக் குடும்பத்தின் துயரம். இன்றைக்குக் கையில் போடும் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள்.

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, ஏழாவது படிக்கும் மகள். சாமான்களை இறக்க என் வீட்டுக்காரர் கை கொடுக்கப் போனபோது, ஒரு பெரிய துணிப்பையை மட்டும் அந்த அப்பா கொடுக்கவே இல்லை. “பரவாயில்லை சார், லேசா உடையுற சாமான்” என்று மார்போடு அணைத்தபடி அறைக்குள் போனார்.

அதன் பிறகு எல்லாமே கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது. பம்ப்செட்டுக்கு மூன்று பேரும் சேர்ந்து போகவில்லை; முறை வைத்துப் போனார்கள். மூடிய அறைக்குள் டி.வி. அலறிக்கொண்டே இருந்தது. மத்தியானம் அந்த அம்மா தயங்கித் தயங்கி, “அக்கா, உப்பு போடாம கொஞ்சம் தயிர் சாதம் கிடைக்குமா?” என்றார். உடம்பு சரியில்லையோ என்று குழைய வடித்துக் கொடுத்தேன். சாயங்காலம் எங்கள் கோழிகள் அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று, கீரிப்பிள்ளையைக் கண்ட மாதிரி கொக்கரித்தன. என் வீட்டுக்காரர், “கோழிக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியலை” என்று சிரித்தார்.

ராத்திரி பதினொன்றரை இருக்கும். அத்தை கழிப்பறைக்குப் போக எழுந்திருக்கிறார். அதே நேரத்தில் அந்தச் சிறுமி, நாயை வெளியே கூட்டிப்போவதற்காகக் கதவை மெதுவாகத் திறந்திருக்கிறாள். இருட்டு நடையில் தரையோடு தரையாக இரண்டு கண்கள் மின்ன, அத்தை போட்ட சத்தத்தில் நான் படுக்கையிலிருந்து விழுந்தடித்து ஓடினேன்.

அத்தை சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. எதிரே நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். வெள்ளைப் பொமரேனியன். வயசான நாய், ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. அத்தனை கலவரத்திலும் அது ஒருமுறைகூடக் குரைக்கவில்லை.

அத்தையை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பயம் இறங்கியதும் எனக்குக் கோபம் ஏறியது. “எழுபத்தெட்டு வயசு மனுஷி. இருட்டுல கால் இடறி விழுந்து இடுப்பு உடைஞ்சிருந்தா யார் சார் பதில் சொல்றது?” என்று கேட்டேன். அந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்ல, “கேட்டிருந்தா நீங்க வேணாம்னு சொல்லியிருப்பீங்களே மேடம்” என்றார்.

“சொல்லியிருப்பேன்தான்” என்றேன். அதில் எனக்கு ஒளிவுமறைவு இல்லை.

அவர்கள் பக்கத்திலும் ஒரு கதை இருந்தது. ஜிம்மிக்குப் பதின்மூன்று வயது; அந்தப் பெண்ணைவிட மூத்தது. சில மாதங்களாக வலிப்பு வருகிறது. காலையும் ராத்திரியும் மாத்திரை தர வேண்டும். வலிப்பு நாயை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று காப்பகத்தில் கையை விரித்துவிட்டார்கள். மகளோ ஜிம்மி இல்லாமல் எங்கும் வர மாட்டேன் என்கிறாள். “அடுத்த லீவுக்கு இது இருக்குமான்னே தெரியலை, அக்கா” என்றார் அந்த அம்மா.

‘இப்போதே காலி பண்ணுங்கள்’ என்பதா, வேண்டாமா என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் அத்தைதான் பேசினார், நாற்காலியை விட்டு அசையாமல்.

“பாப்பா, ஊசி போட்டாச்சா அதுக்கு?”

சிறுமி ஓடிப்போய் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். ‘தூரமா நின்னே படி’ என்று அத்தை கையைக் காட்டினார். ஒவ்வொரு வருஷமும் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதிகளை அவள் விசும்பிக்கொண்டே வாசித்தாள். அத்தை ஒவ்வொரு தேதிக்கும் ‘ம்’ கொட்டினார். கடைசித் தேதி முடிந்ததும், “எங்க காலத்துல நாய்க்கு ஊசின்னு யாருக்குத் தெரியும்” என்று ஆரம்பித்து, தம்பியைப் பற்றிச் சொன்னார். இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் இருக்கும் எனக்குத் தெரியாததெல்லாம், அன்றைக்கு நடுராத்திரியில் ஒரு வெளியூர்ப் பெண்ணிடம் சொன்னார். அவனைக் கயிற்றுக் கட்டிலில் கட்டிவைத்தது, ஜன்னல் வழியாக இவர் பார்த்துக்கொண்டே நின்றது, அவன் “அக்கா” என்று கூப்பிட்டது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அத்தை தீர்ப்பு மாதிரி சொன்னார்: “இது இன்னைக்குத் திண்ணையில இருக்கட்டும். கயிறு போட்டு, பக்கத்துல ஓர் ஆள் படுத்துக்கணும். ஆனா இனிமே எங்கயும் ஒளிச்சு வெக்காதீங்க. எங்க இருக்குன்னு தெரிஞ்சா நான் அந்தப் பக்கம் போகாம இருந்துப்பேன். எங்க இருக்குன்னே தெரியாத நாய்க்கு எப்படிம்மா பயப்படாம இருக்க முடியும்?”

அந்த அப்பா திண்ணையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தார். உத்திரமேரூர்க் கொசுக்கள் அவருக்கு உரிய மரியாதையைச் செய்தன. ஜிம்மி நிம்மதியாகத் தூங்கியது.

மறுநாள் காலை அவர்களை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். உத்திரமேரூர் வருகிறவர்கள் பார்க்காமல் போகக் கூடாத இடம் அது. அப்பாவும் ஜிம்மியும் தெருவிலேயே மர நிழலில் நின்றுகொள்ள, தாயும் மகளும் என்னோடு உள்ளே வந்தார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இங்கேதான் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வயது 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும்; வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் நீள்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவருடைய உறவினர்களும் வர முடியாது.

பள்ளிப் பிள்ளைகள் வந்தால் எப்போதும் சொல்கிற விஷயம்தான் இது. அன்றைக்கு எனக்கே வேறு மாதிரி கேட்டது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், விதி இன்னது என்று எல்லோர் கண்ணிலும் படும்படி கோயில் சுவரில் வெட்டிவைத்திருக்கிறார்கள். காட்ட வேண்டியதைக் காட்டாமல் மறைத்தவனுக்குத்தான் கடுமையான தண்டனை. அந்தச் சிறுமி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல நாய் பத்தி எதுவும் இல்லையே ஆன்ட்டி?” என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

இல்லைதான். ஆனால் நம் தமிழ்க் கல்வெட்டில் நாய்க்கே இடம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. இறந்துபோன வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்வர்களைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. இதைச் சொன்னதும் அவள் வெளியே ஓடிப்போய் ஜிம்மியின் காதில் எதையோ சொன்னாள்.

அவர்கள் போன பிறகு இதைப் பற்றி வீட்டில் நிறையப் பேசினோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாய் வளர்க்கவே கூடாது என்று சங்கங்கள் தடை போட முடியாது என, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. அது குடியிருப்பவர்களுக்கானது. ஒருநாள் இருநாள் தங்க இடம் கொடுக்கிறவர்களைப் பொறுத்தவரை, நாய் வேண்டாம் என்று சொல்வது அவர்கள் விருப்பம். அந்த விருப்பத்துக்குப் பின்னால் ஒரு கோழிக்கூண்டு இருக்கலாம். ரோமம் பட்டால் மூச்சு திணறும் ஒரு குழந்தை இருக்கலாம். எங்கள் அத்தையைப் போல ஒருவர் இருக்கலாம். வருகிறவருக்கு அது தெரியாது. அவர் பையில் இருக்கும் வலிப்பு மாத்திரை எங்களுக்குத் தெரியாததைப் போலத்தான்.

அதனால் நாயோடு கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் போன் செய்து கேளுங்கள். தடுப்பூசிப் புத்தகம், கழுத்துக் கயிறு, அதற்கென்று ஒரு விரிப்பு, அசுத்தம் செய்தால் அள்ள ஒரு பை, இவ்வளவும் கொண்டுவருவோம் என்று சொல்லுங்கள். நாலு இடத்தில் முடியாது என்பார்கள். ஐந்தாவது இடத்தில் கிடைக்கும். கிடைத்த இடத்தில் நாயும் நீங்களும் பயப்படாமல் நடமாடலாம். எங்கே போனாலும், தவறிப்போய் ஒரு பல் பட்டுவிட்டால், மஞ்சள், மிளகாய் என்று எதையும் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அறிகுறி வந்த பிறகு இந்த நோய்க்கு மருந்தில்லை என்பதை எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மகாபாரதத்தில் தருமர், கூடவே வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்று இந்திரனிடமே சொன்னார் இல்லையா? எனக்கு அதில் மிகவும் பிடித்தது, அவர் வாசலிலேயே நின்று சொன்னதுதான். நாயை மேல்துண்டில் சுற்றி ரதத்தில் ஏற்றிவிடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

எங்கள் விதி இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்குள் நாய் கிடையாது. ஆனால் பம்ப்செட் ஓரத்தில் உரமூட்டை வைத்திருந்த அறையை என் வீட்டுக்காரர் வெள்ளையடித்து, ஃபேன் போட்டு, சுற்றி முள்கம்பி வேலி கட்டிவிட்டார். கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு அது. அத்தை அந்தப் பக்கம் போவதில்லை. போனில் யாராவது நாய் என்று சொல்வது காதில் விழுந்தால் மட்டும், சாய்வு நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுப்பார்: “ஊசிப் புத்தகம் இருக்குதான்னு கேளு. தேதியைப் படிக்கச் சொல்லு.”