மைதானம் எங்கே?

மூத்தவள் ஓட்டக்காரி, இளையவன் கால்பந்துப் பைத்தியம். திருவொற்றியூரில் வாசம் செய்யும் எங்களுக்குப் பள்ளிக்கூடம் தேடுவதே பெரும் பிரயத்தனமாயிற்று.

முதலில் பார்த்த தனியார் பள்ளியில் தேர்ச்சி நூற்றுக்கு நூறு. "மைதானம் எங்கே?" என்றேன். மொட்டை மாடியைக் காட்டினார்கள்! விளையாட்டு மைதானம் வேண்டுமென்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. சட்டம் அந்த மாடிப்படி ஏறவில்லை போலும்.

ராயபுரத்துப் பள்ளியிலோ விசாலமான மைதானம், தேர்ச்சி சுமார்தான். சாலை நெடுகத் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள். நல்லவேளை, 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, வண்ணாரப்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம். ஆனால் மதிப்பெண் குறைந்தால் நாளைக்குப் பிள்ளைகள் யாரை நோவார்கள்?

"கணக்கை நான் சொல்லித் தருகிறேன். மைதானத்தை உங்களால் கூடத்தில் விரிக்க முடியுமா?" என்றாள் என் மனைவி.

மறுநாளே ராயபுரத்தில் பணம் கட்டினேன். அன்று மாலை அவள் கணக்குப் புத்தகத்துடன் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகள்தான் இன்னும் விளையாடிவிட்டு வரவில்லை.