தண்டவாளம் போன வழியே...

பொஸ்னியா என்றதும் 1992 முதல் 1995 வரை நடந்த கொடும்போரே உங்கள் நினைவுக்கு வரும். அம்மண்ணில் இன்று சைக்கிளில் சுற்றிவர அருமையானதொரு வழி உண்டு.

மோஸ்தர் நகரிலிருந்து குரோஷியாவின் துப்ரோவ்னிக் வரை நீளும் 'சிரோ' பாதை அது. ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சியாளர் அமைத்து, 1901இல் ஓடத் தொடங்கிய சிறு ரயிலின் செல்லப்பெயரே சிரோ. தண்டவாளத்தின் அகலம் வெறும் 76 சென்டிமீட்டர்! 1976இல் ரயில் நின்றது. சரளைக் கற்கள் மிஞ்சின. ரயில் ஏறிய தடமாதலால் செங்குத்தான ஏற்றங்கள் குறைவு.

சாப்ளினா என்னும் சிற்றூர் வரை தார்ச்சாலைதான், சொல்ல அதிகமில்லை. ஆனால், அதனருகேயுள்ள போச்சிதேலில் இறங்காமல் சென்றுவிடாதீர்கள். மலைச்சரிவெங்கும் மாதுளையும் அத்தியும். நடுவே 1563இல் எழுந்த ஹாஜி அலியா பள்ளிவாசல். 1993இல் தகர்க்கப்பட்ட அந்த இறையில்லம், அல்ஹம்துலில்லாஹ், மீண்டும் எழுந்து நிற்கிறது.

ஹூதோவோவுக்கு அப்பால் சரளைத் தடம். புதர்க்காடுகள், ஆளரவமற்ற ரயில் நிலையங்கள், இருண்ட சுரங்கங்கள். அகன்ற டயரும் நல்ல விளக்கும் அவசியம். கடைகள் அரிது, குடிக்கவும் உளூச் செய்யவும் போதிய நீர் எடுத்துச் செல்லுங்கள்.

இதையும் அசட்டை செய்யாதீர்கள்: போரில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் இந்நாட்டில் இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை அதற்கான எச்சரிக்கை. பலகை இல்லையென்றாலும், நிழலுக்காகவோ பழம் பறிக்கவோ தடத்தை விட்டு இறங்காதீர்கள். தொழுகை நேரம் வந்தால், முஸல்லாவைப் பாதையின் ஓரத்திலேயே விரித்துக்கொள்ளுங்கள்.