சந்தன எண்ணெயும் ஓர் அறிமுகக் கடிதமும்

மல்லேஸ்வரத்தில் நான் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. காலையில் சாங்கி ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு, மார்கோசா சாலை வழியாக வீடு திரும்புவது வழக்கம். ஓடு வேய்ந்த பழைய வீடுகளுக்கும் சம்பிகே சாலையின் பூக்கடைகளுக்கும் பழகிய கண், மேற்குப் பக்கம் திரும்பினால் முப்பது மாடிகளுக்கு மேல் உயர்ந்த ஒரு கண்ணாடிக் கோபுரத்தில் போய் நிற்கும். டாக்டர் ராஜ்குமார் சாலையில் உள்ள உலக வணிக மையம் அது. கீழே வணிக வளாகத்துக்கு வருவோரில் பெரும்பாலோர், மேலே ஒரு தளத்தில் கனடா நாட்டின் துணைத் தூதரகம் இருப்பதை அறியமாட்டார்கள். அரசுகள் அயல்நாடுகளில் நடத்தும் வணிக அலுவலகங்களைப் பற்றி ஆய்வு செய்யும் எனக்கு, ஆய்வுப்பொருள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவிலேயே அமைந்தது ஒரு தற்செயல்.

'அந்த அலுவலகங்களில் அப்படி என்னதான் செய்கிறார்கள்?' என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். விருந்து, கைகுலுக்கல், புகைப்படம் ஆகியவற்றுக்கு அப்பால் எதுவும் நடப்பதாக அவர்கள் நம்புவதில்லை. வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே சற்று நீளமாக எழுதுகிறேன். பொறுமையுள்ளவர்கள் படிக்கலாம்.

முதலில் இதே ஊரின் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். மைசூர்ச் சந்தனம் உலகறிந்த பொருள். முதல் உலகப்போருக்கு முன்பு மைசூர் அரசு சந்தனக் கட்டையை ஏலத்தில் விற்றது. அதில் பெரும்பகுதி ஜெர்மனிக்குப் போயிற்று. எண்ணெய் வடித்தவர்கள் அங்கிருந்தவர்கள். மரம் நம்முடையது, மதிப்பு அவர்களுடையது. 1914இல் போர் மூண்டதும் அந்த வழி ஒரே நாளில் அடைபட்டது. கட்டைகள் கிடங்குகளில் தேங்கின. அப்போது திவானாக இருந்தவர் விசுவேசுவரய்யா; தொழில் துறையைக் கவனித்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் முறைத் தோல் பதனிடுதலையும் ஊன்றிவிட்டு மைசூருக்கு வந்தவர் அவர். மல்லேஸ்வரத்தை ஒட்டியிருக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் சட்பரோ, வாட்சன் ஆகிய பேராசிரியர்கள் எண்ணெய் வடிக்கும் முறையை ஆராய்ந்து தந்தார்கள். 1916இல் பெங்களூரில் எண்ணெய் வடிக்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டு மைசூரிலும் ஆலை எழுந்தது. 1918இல் சோப்பும் வந்தது. இன்று பச்சைத் தட மெட்ரோவில் சம்பிகே சாலையிலிருந்து யஷ்வந்தபுரம் நோக்கிப் போகிறவர்கள் 'சாண்டல் சோப் ஃபேக்டரி' என்ற நிலையத்தைக் கடப்பார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை இதுவே.

இந்தக் கதையை எல்லோரும் இத்துடன் முடித்துவிடுவார்கள். என் ஆர்வம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எண்ணெய் வடித்தாயிற்று, யாருக்கு விற்பது? கட்டை வாங்கியவர்களை மைசூர் அறியும். எண்ணெய் வாங்குபவர்களை அறியாது. அவர்கள் இலண்டனிலும் பிற நகரங்களிலும் இருந்த மருந்து வணிகர்கள், நறுமணப் பொருள் செய்பவர்கள். ஜெர்மானிய எண்ணெயில் பழகியவர்கள். அக்காலத்தில் சந்தன எண்ணெய் மருந்தாகவும் பயன்பட்டது. பிரிட்டிஷ் மருந்து நூல் அதற்கு இவ்வளவு சாந்தலால் இருக்க வேண்டும் என்று தரம் விதித்திருந்தது. இந்தியாவின் ஒரு சமஸ்தானத்து ஆலை அனுப்பும் குப்பியில் அந்தத் தரம் இருக்கிறது என்று அவர்கள் எதை வைத்து நம்புவார்கள்? பின்னர் மேற்கு ஆஸ்திரேலியாவின் சந்தன எண்ணெயும் போட்டிக்கு வந்தது. பொருளை ஆக்குவது ஒரு வேலை. முன்பின் அறியாதவரை அதை நம்ப வைப்பது முற்றிலும் வேறொரு வேலை.

1930களில் மைசூர் அரசு இலண்டனில் தனக்கென ஒரு வணிக ஆணையரை வைத்திருந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். சட்டப்படி மைசூருக்கு அயலுறவு என்பதே கிடையாது. 1881இல் உடையார் குடும்பத்திடம் ஆட்சியைத் திரும்ப ஒப்படைத்தபோது, வேறெந்த அரசுடனும் இந்திய அரசின் அனுமதியும் இடையீடும் இன்றிக் கடிதப் போக்குவரத்துகூட வைத்துக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையைப் பிரிட்டிஷார் எழுதி வாங்கியிருந்தார்கள். தூதரை அனுப்ப முடியாத ஓர் அரசு வணிகரை அனுப்பியது. எண்ணெய்க் குப்பியையும் பட்டுத்துணியையும் முன்வைத்து, 'மைசூர்' என்ற பெயரை ஓர் அயல்நகரத்தில் நிலைநிறுத்தியது.

இதே மண்ணில் அதற்கு முன்னுதாரணமும் உண்டு. திப்பு சுல்தான் 1780களில் கான்ஸ்டான்டினோபிளுக்கும் பிரான்சுக்கும் தூதுக்குழுக்களை அனுப்பியது பலரும் அறிந்தது. ஆடம்பரமாகப் போன அத்தூதுகளால் அவர் எதிர்பார்த்த படைத்துணை கிட்டவில்லை. ஆனால் மஸ்கட்டில் அவர் வைத்திருந்த வணிகக் கோட்டி ஓசையின்றி இயங்கியது. மிளகும் சந்தனமும் அரிசியும் அங்கே விற்றன. அங்கிருந்த தாரோகாவுக்குத் திப்பு எழுதிய கடிதங்களை வில்லியம் கிர்க்பேட்ரிக் 1811இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பட்டுப்புழுக்களையும் அவற்றை வளர்க்கத் தெரிந்த ஆட்களையும் தேடி அனுப்புமாறு அவற்றில் கேட்டிருக்கிறார். விற்பதோடு நில்லாமல், தன் நாட்டுக்கு எது தேவை என்பதையும் அயலூரில் தேடித் தரும் கண்ணாக அந்தக் கோட்டி இருந்தது.

கனடாவின் கதை மைசூரின் கதைக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. பிரிட்டிஷ் பேரரசின் ஓர் உறுப்பாக இருந்த கனடாவுக்கும் தனி அயலுறவுக் கொள்கை இருக்கவில்லை. அங்கே அயலுறவுத் துறை ஏற்பட்டதே 1909இல்தான். ஆனால் 1894இலேயே ஜான் ஷார்ட் லார்க் என்பவரை ஆஸ்திரேலியாவுக்கான வணிக ஆணையராக நியமித்துவிட்டார்கள். 1895 ஜனவரியில் அவர் சிட்னியில் போய் இறங்கினார். கனடாவின் வணிக ஆணையர் சேவை அவரிலிருந்தே தன் வரலாற்றைத் தொடங்குகிறது. தூதருக்கு முன்பே வணிக ஆணையர் வந்துவிட்டார். இன்று மல்லேஸ்வரத்துக் கோபுரத்தில் நடப்பதும் அச்சேவையின் தொடர்ச்சியே.

சரி, அன்றாடம் என்ன நடக்கிறது? அச்சேவை தன் பணியை நான்காகப் பிரித்துச் சொல்கிறது: அயல்சந்தைக்கு ஒரு நிறுவனத்தை ஆயத்தப்படுத்துவது, அச்சந்தையில் அதற்கு இடமுண்டா என்று மதிப்பிட்டுச் சொல்வது, தகுதியறிந்த தொடர்புகளை ஏற்படுத்தித் தருவது, சிக்கல் வந்தால் அவிழ்க்க உதவுவது. நான்கில் மூன்றாவதே உயிர்நாடி என்பது என் கருத்து. தொடர்பு என்றால் முகவரி அன்று. 'இவரை எனக்குத் தெரியும், நீங்கள் இவரிடம் பேசலாம்' என்று இரு பக்கமும் மதிக்கும் ஒருவர் சொல்வது. அப்படிச் சொல்வதற்கு அவர் பல ஆண்டுகள் அவ்வூரில் பழகியிருக்க வேண்டும். எந்த ஆலை சொன்ன நாளில் சரக்கு அனுப்பும், எந்த நிறுவனத்தில் முடிவெடுப்பவர் யார், எந்தத் துறைச் செயலர் புதிதாக வந்திருக்கிறார் என்பதெல்லாம் கோப்பில் இராது. அயல்நாட்டிலிருந்து வரும் அதிகாரிகள் சில ஆண்டுகளில் மாறிப் போவார்கள். அந்த நினைவைச் சுமந்திருப்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே பணியமர்த்தப்பட்ட உள்ளூர் ஊழியர்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் புகைப்படத்தின் கீழும் அச்சாவதில்லை.

இதை நான் நூல்களிலிருந்து மட்டும் சொல்லவில்லை. என் தந்தையார் கரூரில் பன்னிரண்டு தறிகள் வைத்திருந்தார். மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் நெய்தார். அவை ஐரோப்பாவுக்குப் போயின. ஆனால் எந்த ஊருக்கு, யார் வீட்டு மேசைக்கு என்பது அவருக்குத் தெரியாது. எல்லாம் ஏஜென்ட் மூலமே. 1980களின் இறுதியில், நேரடியாக ஒரு ஜெர்மன் வணிகருக்கு விற்றுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தது. பக்கத்து வீட்டு ஆங்கில ஆசிரியரைக் கொண்டு கடிதம் எழுதி, ஐரோப்பாவில் இருந்த நம் நாட்டு அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அரசு முத்திரையிட்ட உறையைப் பிரித்தபோது வீடே கூடி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. உள்ளே சைக்ளோஸ்டைல் செய்த இரண்டு தாள்களில் நாற்பது இறக்குமதியாளர்களின் முகவரிகள் இருந்தன.

அப்பா நாற்பது பேருக்கும் எழுதினார். துணித்துண்டுகளைக் கத்தரித்து அட்டையில் ஒட்டும் வேலை எனக்கும் அக்காவுக்கும். விமான அஞ்சல் தலைக்கே அந்த மாதத்துக் கூலியில் ஒரு பங்கு போயிற்று என்று அம்மா வெகுநாள் சொல்லிக் காட்டுவார். இரண்டு பதில்கள் வந்தன. இரண்டும் மரியாதையாக மறுத்தன. அப்பா மீண்டும் ஏஜென்டிடமே போனார். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அந்த இரு தாள்களும் இப்போது என் மேசையில் இருக்கின்றன. இந்த ஆய்வில் இறங்கிய பிறகு ஒருநாள் அவற்றை உட்கார்ந்து படித்தேன். அந்த நாற்பதில் ஏறத்தாழ பாதி, கம்பளம் வாங்கும் நிறுவனங்கள். மேசை விரிப்பு நெய்பவருக்குக் கம்பளக்காரர்களின் முகவரி. அனுப்பியவர்மீது எனக்குக் கோபம் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்ப ஒரு தாள் இருந்தது, அனுப்பினார். ஆனால் பட்டியல் வேறு, அறிமுகம் வேறு. அந்த நாற்பதில் ஒரே ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, 'கரூரில் இப்படி ஒருவர் இருக்கிறார், அவருடைய மாதிரியைப் பாருங்கள்' என்று அலுவலகத்தில் யாராவது சொல்லியிருந்தால், எங்கள் வீட்டுக் கதை வேறாக இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். அது தெரியாமலே போனதுதான் என் குறை.

2023ஆம் ஆண்டின் நிகழ்வுகளை நான் கவனித்தது இந்தக் கண்ணோடுதான். அவ்வாண்டு செப்டம்பரில் கனடாப் பிரதமர் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் இந்தியாமீது ஒரு கடுமையான குற்றச்சாட்டைச் சொன்னார்; இந்தியா அதை மறுத்தது. வணிக ஒப்பந்தப் பேச்சு அதற்குச் சற்று முன்பே நின்றிருந்தது. அக்டோபரில் 41 கனடியத் தூதரக அதிகாரிகள் குடும்பத்தினருடன் இந்தியாவை விட்டு வெளியேறினார்கள். எஞ்சியவர்கள் 21 பேர். சண்டிகர், மும்பை, பெங்களூர் ஆகிய மூன்று ஊர்களிலும் நேரடிச் சேவைகள் நிறுத்தப்பட்டன. அவ்வாரம் நடைப்பயிற்சியிலிருந்து திரும்பும்போது கோபுரத்தைப் பார்த்தேன். வெளியிலிருந்து எந்த மாற்றமும் தெரியவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா மஞ்சள் பட்டாணிக்கான இறக்குமதி வரியை நீக்கியது. மஞ்சள் பட்டாணியும் மசூர் பருப்பும் கனடா நமக்குப் பெருமளவில் விற்கும் பொருள்கள். தூதர்கள் போன இரண்டே மாதத்தில் பட்டாணிக்கு வழி திறந்துவிட்டது! அப்படியானால் அலுவலகம் எதற்கு?

இக்கேள்வியோடு நான் நெடுநாள் மல்லுக்கட்டினேன். நான் கண்ட விடை இது. பருப்புக் கப்பலை அனுப்புபவரும் வாங்குபவரும் பல ஆண்டுகளாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அவர்களுக்கு விலையும் வரியும் போதும். நடுவில் ஆள் தேவையில்லை. ஒருவரையொருவர் அறியாதவர்களுக்குத்தான் அலுவலகம் வேண்டும். புதிதாய் ஒரு கருவி செய்தவர், முதன்முறை கடல்கடந்து விற்க நினைப்பவர், இரு பல்கலைக்கழகங்களில் ஒரே ஆய்வைத் தனித்தனியே செய்துகொண்டிருப்பவர்கள் ஆகியோரின் இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. நடக்காமல் போன சந்திப்பை யார் கணக்கெடுப்பார்கள்? அதனால்தான் இத்தகைய அலுவலகம் மூடப்படும்போது 'வணிகம் பாதிக்கப்படவில்லை' என்று எளிதில் சொல்லிவிட முடிகிறது. அது பொய்யன்று, பழைய வணிகத்தை மட்டும் எண்ணிச் சொன்ன மெய்.

2025 ஜூனில் கனடாவின் கனனாஸ்கிஸில் ஜி-7 மாநாட்டின்போது இரு பிரதமர்களும் சந்தித்தார்கள். ஆகஸ்டில் இரு நாடுகளும் புதிய தூதர்களை அறிவித்தன. தூதரை ஓர் அறிவிப்பில் திரும்ப அனுப்பிவிடலாம். பழகிய முகங்களும் நம்பிக்கையும் அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. ஒருவர் இன்னொருவரைக் காட்டி, அவர் மூன்றாமவரைக் காட்டி, மெல்ல மெல்லவே அது வளர்கிறது.

நம் அரசுகளுக்கும் இதில் பாடம் உண்டு. இன்று மாநிலங்கள்கூட முதலீட்டைத் தேடி அயல்நாடுகளுக்குக் குழுக்களை அனுப்புகின்றன. ஒப்பந்தத் தொகை தலைப்புச் செய்தியாகிறது. குழு திரும்பிய பிறகு அந்த ஊரில் நமக்காகத் தொலைபேசியை எடுக்க யார் இருக்கிறார் என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி. கரூரிலிருந்து ஒரு சிறு நெசவாளர் எழுதினால், அவருக்குக் கிடைக்கப்போவது பட்டியலா, அறிமுகமா?

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். கரூர், திருப்பூர், ஆம்பூர், சிவகாசி போன்ற ஊர்களில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏற்றுமதிக்கு முயன்றிருந்தால், அவர்கள் எழுதிய கடிதங்களின் நகல்களும் வந்த பதில்களும் பரணில் எங்கேனும் கிடக்கக்கூடும். வென்ற கடிதங்களைவிடத் தோற்ற கடிதங்களே எனக்கு வேண்டும். அவை அரசின் ஆவணக் காப்பகங்களில் கிடைப்பதில்லை. தயவுசெய்து பழைய காகிதக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு செய்தி அனுப்பினால் நானே வந்து பார்த்துப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை உங்களிடமே தந்துவிடுவேன்.